ஆயுதத்தைத் தின்ற பிள்ளை

டன்லாப் கவுண்டி என்ற அமெரிக்க மாவட்டத்தின் பள்ளிகளில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடிக்கக் கூடாது. பள்ளி வாரியத்தின் கொள்கை அது. அடிப்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கென்று ஒரு பலகையும் இருக்கிறது. எல்லாத் தலைமையாசிரியர் அறையிலும் கொடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். ஓக் மரப் பலகை. வீசும்போது காற்று தடுக்காமலிருக்கத் துளைகள் போட்டது. கைப்பிடியில் 'அன்புடன்' என்று சூடு வைத்து எழுதியிருக்கும். உயர்நிலைப் பள்ளியின் தச்சு வகுப்புப் பிள்ளைகளே செய்து தருவது.

அந்தப் பலகைக்கு எதிரே லைல் ராட்லிஃப் உட்கார்ந்திருந்தான். தலைமையாசிரியை மிஸஸ் லோவெல் அவனுக்குக் காபி தந்திருந்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் காபி தருவது அங்கே வழக்கம்.

"உங்க பொண்ணு வகுப்போட ஆயுதத்தத் தின்னுட்டா, லைல்."

லைல் கவுண்டியின் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பவன். கல்லூரியில் வேதியியல் படித்தவன். தின்னக்கூடிய ஆயுதம் எதுவும் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

"என்னத்த?"

"பீச் பழ டப்பா."

விஷயம் இதுதான். துப்பாக்கியோடு எவனாவது வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகள் என்ன செய்வது என்று போன வசந்தத்தில் வாரியம் யோசித்தது. கோச் ஹாஸ்கின்ஸ் வழி சொன்னார். இருபது வருடம் கால்பந்து அணியைத் தோற்கவைத்துவிட்டுப் பாதுகாப்பு இயக்குநர் ஆனவர். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நீல வாளி. வாளி நிறைய உணவு டப்பாக்கள். எவன் வந்தாலும் பிள்ளைகள் எடுத்து எறிய வேண்டும். டப்பாக்களுக்குத் தனியாகச் செலவில்லை. பட்டினிக் குடும்பங்களுக்குக் கொடுக்க நவம்பரில் தேவாலயங்கள் சேர்த்து வைத்திருந்தன. பசி தினமும் வருவது, பழகிவிடும். துப்பாக்கிக்காரன் எப்போது வருவான் என்றே தெரியாது. எதற்கு முன்னுரிமை என்று கோச் கேட்டார். தீர்மானம் நிறைவேறியது.

மூன்றாம் வகுப்பில் ஜூனி ராட்லிஃபுக்குப் பக்கத்தில் உட்காருபவள் ப்ரேலின். மலை மேலிருந்து வரும் பஸ்ஸில் வருபவள். அன்றைக்கும் பஸ் தாமதம். காலை உணவு கொடுக்கும் ஜன்னல் மூடிவிட்டது. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு ப்ரேலின் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஜூனி எழுந்து போய் வாளியிலிருந்து வளைய மூடி வைத்த ஒரு டப்பாவை எடுத்தாள். வளையத்தை இழுத்தாள். இரண்டு பேரும் விரலாலேயே தின்றார்கள்.

"வேற டப்பா வாங்கித் தந்துடறேன்" என்றான் லைல்.

"வெளியிலருந்து ஆயுதம் கொண்டுவரக் கூடாதுங்க. அதுக்குத் தனி தண்டனை."

"அந்தப் பிள்ளைக்குப் பசி."

"பசிக்குத்தான் ஜன்னல் இருக்கே."

"பஸ் வர்றதுக்குள்ள ஜன்னல மூடிட்டாங்க."

"பஸ் போக்குவரத்துத் துறை. ஜன்னல் உணவுத் துறை. நான் ரெண்டும் இல்ல, லைல். நான் பள்ளிக்கூடம் மட்டுந்தான்." மிஸஸ் லோவெல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சோளமா இருந்தாக்கூட பேசிப் பாத்திருப்பேன். பீச்சு அப்படி இல்ல. கெட்டிப் பாகுல ஊறினது. நம்மகிட்ட இருக்கறதுலயே நேரா பறக்கற டப்பா அதுதான்னு கோச் சொல்வாரு."

ஒரு வகுப்பை நிராயுதபாணியாக்கியதற்குப் பலகையடி போதாதாம். ஜூனி மறுவாய்ப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டாள்.

பள்ளிகள் வெளியே தள்ளிய பிள்ளைகளுக்கான அந்த மையம் கவுண்டியின் தென்கோடியில், மூடிப்போன சுரங்கத்தின் பழைய அலுவலகத்தில் இருந்தது. இருட்டோடு பஸ் ஏற வேண்டும். அங்கே இருந்தவர்கள் மீசை வைத்த பையன்கள். இரண்டு பேர் கணுக்காலில் நீதிமன்றம் மாட்டிவிட்ட கண்காணிப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். எட்டு வயதில் அங்கே போன முதல் ஆள் ஜூனி.

முதல் நாள் மேலுதடு கிழிந்து வந்தாள். கூடவே வந்த அறிக்கையில் 'மாணவர்களிடையே இடப் பகிர்வு' என்று எழுதியிருந்தது. மூன்றாம் நாள் காதுக்கு மேலே ஒரு கொத்து முடி இல்லை. வெறும் தோல் சிவந்து தெரிந்தது.

லைல் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி அங்கே வைத்தான்.

"யாரு?"

"தெரியல. பெரியவங்க சண்டை போட்டாங்க. நான் நடுவுல இருந்தேன்."

"டீச்சர் பாக்கலையா?"

"டீச்சரும் நடுவுலதான் இருந்தாங்க." ஜூனி யோசித்தாள். "அங்க எறியறதுக்கு டப்பா கிடையாதுப்பா. நாற்காலிதான்."

லைலுக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கெல்சி போன பிறகு அவனுக்கு எதுவும் நேரத்துக்கு வருவதில்லை. மலைப் பஸ் மாதிரிதான். வரும் என்று காத்திருந்தான்.

கெல்சி அவன் மனைவி. இறந்து ஒரு குளிர்காலம் போய் இன்னொன்று வந்திருந்தது. பள்ளி நிர்வாகத்தின் கணினியில் ஜூனிக்கு முதல் தொடர்பு ஆள் இன்னும் கெல்சிதான். மாற்ற வேண்டுமென்றால் முதல் தொடர்பு ஆள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். லைல் விளக்கிப் பார்த்தான். அப்படியானால் அவர் வசதிப்படும்போது வரட்டும் என்றார்கள். அதனால் கெல்சியின் போனை அவன் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தான். பனி விழுந்து பள்ளி விடுமுறை என்றாலும் பேன் மருந்து போடச் சொன்னாலும் பள்ளிகளின் கண்காணிப்பாளர் டாக்டர் ரான்டல் ஸ்டம்போவின் பதிவுக் குரல் அதில்தான் கூப்பிடும். "வணக்கம் கெல்சி" என்று ஆரம்பிக்கும். உலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் அவர்தான் என்பதால் லைல் முழுவதும் கேட்பான்.

தண்டனையை எதிர்த்து வாரியத்தில் முறையிடலாம். அதற்கு முன் பெற்றோர் 'நம் பள்ளி மாவட்டம்: ஒரு பார்வை' என்ற மாலை வகுப்புக்கு வர வேண்டும். வந்து, ஏதாவது ஒரு வகையில் ஒத்துழைத்ததாகக் கோச்சிடம் கையெழுத்து வாங்க வேண்டும். லைல் போனான்.

உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கு. கொடிக்கு உறுதிமொழி, பிறகு ஜெபம், பிறகு இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டி. ஒரு பக்கத்துப் பலகை இருக்கைகளில் வடக்குப் பெற்றோர், எதிர்ப் பக்கத்தில் தெற்குப் பெற்றோர். யாரும் உட்காரச் சொல்லி அப்படி உட்காரவில்லை. வடக்கின் உயர்நிலைப் பள்ளியை மூடித் தெற்கோடு சேர்த்து ஏழு வருடமாகிறது. சேர்ந்தது கட்டடம் மட்டும்தான்.

டாக்டர் ஸ்டம்போ மைக்கைப் பிடித்தார். பதிவுக் குரலை நேரில் கேட்பது லைலுக்கு ஒரு மாதிரி இருந்தது.

"நம்ம கவுண்டி பெரிய கவுண்டி. பன்னண்டு பள்ளிக்கூடம் இருந்துச்சு. அஞ்சாக்கினோம். ஏன்? ஒரே கவுண்டி, ஒரே குடும்பம். குடும்பம்னா ஒரே வீட்டுல இருக்கணும். பிள்ளைங்க பஸ்ல ரொம்ப நேரம் இருக்காங்கன்னு சிலர் வருத்தப்படறாங்க. பஸ் ஓடிட்டிருக்கற வரைக்கும் உங்க பிள்ளைய எவனாலயும் சுட முடியாது. நம்மகிட்ட இருக்கறதுலயே பாதுகாப்பான வகுப்பறை பஸ்தான். படிப்புல எங்க இருக்கோம்னு கேக்கறாங்க. நான் எதையும் மறைக்கறவன் இல்ல. உயிரோட இருக்கோம். உயிர் இந்த அஞ்சாண்டுத் திட்டத்துல. படிப்பு அடுத்ததுல வருது."

ஒரு பெண் கை தூக்கினாள். "வாசிக்கச் சொல்லித் தர்ற டீச்சர் போய்ட்டாங்களாமே."

"போய்ட்டாங்க. அந்த இடத்துல மூணு உலோகச் சோதனை வாசல் வெச்சிருக்கோம். இதுவரைக்கும் ஒண்ணுகூட லீவு எடுக்கல."

கைதட்டினார்கள்.

பிறகு கோச் வந்தார். பெற்றோருக்கும் எறியத் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் வீட்டில் பயிற்சி எடுக்க முடியும் என்றார். துப்பாக்கியோடு வரும் ஊடுருவியாக நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. கையெழுத்து வேண்டியவன் லைல் ஒருவன்தான். எழுந்தான்.

மார்பில் பேஸ்பால் கவசம் கட்டினார்கள். தலைக்கு ஒரு பழைய கால்பந்து ஹெல்மெட் கொடுத்தார்கள். மூடிப்போன வடக்குப் பள்ளியின் ஹெல்மெட் அது. மஞ்சள் நிறம், பக்கவாட்டில் அந்த அணியின் சின்னமான கரடித் தலை. கிடங்கில் சும்மா கிடந்ததால் கோச் எடுத்துவந்திருந்தார். வேறு எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை.

தெற்குப் பக்கத்தில் முணுமுணுப்பு நின்றது.

முதலில் எல்லோரும் கூச்சத்தோடுதான் எறிந்தார்கள். பட்டாணி டப்பா ஒன்று அவன் காலடியில் உருண்டது.

"என்ன இது, பிறந்தநாள் விருந்தா?" என்றார் கோச். "அவன மனுஷன்னு நெனைக்காதீங்க. தலையப் பாருங்க. என்ன தெரியுது?"

"கரடி" என்றார் தெற்குப் பக்கத்தில் ஒரு கிழவர். பீன்ஸ் டப்பாவைக் கையில் எடைபார்த்தார். "எழுபத்தொம்போதுல என் முட்டிய ஒடச்சானுங்க."

அந்த டப்பா லைலின் விலாவில் இறங்கியது. அடுத்தது தோளில். அப்புறம் எண்ணுவதற்கு நேரமில்லை. தக்காளி, சோளம், பூசணிக்கூழ், எல்லாம் வந்தன. கரடிமேல் டப்பா விழுவதை வடக்குப் பக்கம் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டது. பிறகு ஒரு பெண் எழுந்து கிழவரைக் குறிவைத்தாள். கிழவரின் நெற்றி பிளந்தது. அதற்குப் பிறகு அரங்கின் நடுவில் நின்ற லைலை யாரும் பார்க்கவில்லை. டப்பாக்கள் அவன் தலைக்கு மேலே இரண்டு திசையிலும் பறந்தன. முன்னாள் கணவனை ஒருத்தி வெகுநேரம் துரத்தினாள். ஆடுகளக் கோட்டுக்கு அருகே ஒரு பல் கிடந்தது. யாரும் அது தன்னுடையது என்று சொல்லவில்லை.

கோச் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தன வருஷத்துல இவங்க ஒண்ணாச் சேந்து ஒரு காரியம் செஞ்சு இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லி லைலின் தாளில் கையெழுத்திட்டார். அதன்மேல் சொட்டிய ரத்தம் யாருடையது என்று தெரியவில்லை. ரத்தமிருந்தால் தாள் செல்லும் என்றார்.

மறுவாரம் கவுண்டி முழுவதும் ஒத்திகை நாள். மணி அடித்ததும் ஐந்து பள்ளிகளிலும் பிள்ளைகள் எறிந்தார்கள். வழக்கமாக ஊடுருவியாக நடிக்கும் உடற்பயிற்சி உதவியாளர் பட்டி என்பவர், ஐந்தாம் வகுப்பு அறையைத் தாண்டி வரவில்லை. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. விளைவைப் பார்வையிட முன்னறிவிப்பில்லாமல் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்த டாக்டர் ஸ்டம்போவைப் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே வீழ்த்தினார்கள். கவுண்டியின் ஒரே ஆம்புலன்ஸ் மலையிலும் பள்ளத்திலுமாக அலைந்தது.

சாயங்காலம் கெல்சியின் போன் அடித்தது. குரல் கொஞ்சம் குழறியது.

"வணக்கம் கெல்சி. இன்றைய ஒத்திகை மாபெரும் வெற்றி. காயமடைந்தவர்களின் எண்ணிக்கை நமது இலக்கைத் தாண்டியது. ஒரே ஒரு வகுப்பில் மட்டும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தக் குறை விசாரிக்கப்படுகிறது."

அது ஜூனியின் பழைய வகுப்பு. அவள் போன பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வாளியைக் காலி செய்திருந்தார்கள். எறிவதற்கு வெறும் தகரம்தான் மிச்சம். தொடங்கிவைத்தவள் யார் என்பதில் வாரியத்துக்குச் சந்தேகமில்லை.

ஜூனிக்கு அன்றைக்கு இடது கண் மூடியிருந்தது. வீங்கிய இமை பளபளத்தது.

"நாளைக்கு நான் போகலப்பா."

"நாளைக்குக் கூட்டம். நல்லபடியா முடிஞ்சா நீ உன் வகுப்புக்குப் போயிடலாம்."

"முடியலன்னா?"

லைல் அவள் இமையில் பனிக்கட்டியை வைத்தான். மறு கண்ணும் மூடினால் அவள் எப்படி பஸ் ஏறுவாள் என்று மட்டும் யோசித்தான்.

வாரியக் கூட்டத்தில் முதலில் உறுதிமொழி, அப்புறம் ஜெபம், அப்புறம் இந்த மாதத்தின் அன்புள்ள மாணவன் விருது. விருது பெற்றவன் கையில் கட்டு இருந்ததால் அவன் அம்மா வாங்கிக்கொண்டாள். டாக்டர் ஸ்டம்போ கழுத்துப் பட்டையோடு மேடையில் இருந்தார். திரும்ப முடியாமல் எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்தார். தலைவி வெர்லீன் கோம்ப்ஸ் சுத்தியலால் மேசையைத் தட்டினார். இறுதிச்சடங்கு நிலையம் நடத்துபவர். குரலில் எப்போதும் ஆறுதல் இருக்கும்.

"பிள்ளையோட அம்மா வரலையா?"

"மேடம், நீங்கதான் அடக்கம் பண்ணினீங்க" என்றான் லைல்.

"ஆமா, ஆமா. அழகான பொண்ணு." தாளில் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டார். "உங்களுக்கு மூணு நிமிஷம்."

சுவரில் சிவப்பு எண்கள் குறையத் தொடங்கின. லைல் எழுதிவந்திருந்ததை மடித்து வைத்தான்.

"என் பொண்ணு டப்பாவ எடுத்தது உண்மை. பக்கத்துப் பிள்ளைக்குப் பசிச்சது. அதத் தவிர ஒண்ணுமில்ல. அவ முகத்தப் பாருங்க. இது உங்க மையத்துல ஆனது."

அவ்வளவுதான். மிச்ச நேரம் அவனுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் விதிப்படி கடிகாரம் ஓடி முடிய வேண்டும். அறை முழுக்கக் காத்திருந்தது. எல்லோரும் ஜூனியின் கண்ணைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"பசி இன்னைக்கு அஜெண்டாவுல இல்ல, மிஸ்டர் ராட்லிஃப்" என்றார் டாக்டர் ஸ்டம்போ. "எனக்கும் மனசு இருக்கு. இந்தக் கழுத்து என் பிள்ளைங்க எனக்குத் தந்த பரிசு. ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி தந்தா. பேர்கூட இன்னும் முழுசா எழுதத் தெரியாது. ஆனா குறி பாருங்க. அவகிட்ட நான் எதிர்காலத்தப் பாத்தேன். உங்க பொண்ணு வகுப்புல என்ன பாக்கறேன்? சாப்பிட்ட பிள்ளைங்க. எல்லாரும் வயிறு நெறஞ்சு உக்காந்திருக்காங்க. அப்படி ஒரு வகுப்ப வெச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்கறது?"

வெர்லீன் கோம்ப்ஸ் ஜூனியைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாத கண்ணு. நீ திருந்திட்டேன்னு காட்டினாப் போதும். ஒரு டப்பா. ஒரே ஒரு எறி. நல்லா எறிஞ்சா நாளைக்கு உன் வகுப்பு. கோச், ஆள் தயாரா?"

"பட்டிக்கு வாயக் கட்டியிருக்காங்க, மேடம். பயிற்சி எடுத்த ஊடுருவி கவுண்டியிலயே இன்னும் ஒருத்தர்தான் இருக்காரு."

எல்லோரும் லைலைப் பார்த்தார்கள்.

கவசத்தைக் கட்டினார்கள். மஞ்சள் ஹெல்மெட்டின் முகக் கம்பி ஒத்திகை நாளில் பட்டியின் தாடையோடு சேர்ந்தே உடைந்திருந்தது. வெறும் முகம் தெரிந்தது. கோச் ஜூனியின் கையில் டப்பாவை வைத்தார். பீச். அவளுக்கு ஒரு கைக்குள் அடங்கவில்லை.

ஜூனி ஒற்றைக் கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். மெல்லத் தூக்கிப் போட்டாள். அவன் முழங்காலில் பட்டு விழுந்தது.

"வலிச்சதா?" என்று கோச் லைலைக் கேட்டார்.

"வலிச்சது."

"மூஞ்சியப் பாத்தா தெரியலையே. வலிக்கலன்னா கணக்கில்ல. நான் இருபது வருஷம் கோச்சு, தம்பி."

டப்பாவை எடுத்து மறுபடி அவள் கையில் வைத்தார்கள். லைல் இரண்டடி முன்னால் வந்தான். அவளுக்கு உயரம் எட்டும்படி முட்டி போட்டான்.

"ஜூனி. மூஞ்சிக்கு எறி."

"மாட்டேன்."

"எறிஞ்சா நாளைக்கு ப்ரேலின் பக்கத்துல உக்காரலாம். எறியலன்னா சுரங்கம்." அவன் குரல் தண்ணீர் அளவைப் படித்துச் சொல்வது போலவே இருந்தது. "ரெண்டு கையாலயும் பிடி. தலைக்கு மேல தூக்கு. என் மூக்கப் பாரு."

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்கினாள். எறிந்தாள்.

மூக்கு உடையும் சத்தம் பின்வரிசை வரை கேட்டது. லைல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். ரத்தம் கவசத்தில் வழிந்து கம்பளத்தில் இறங்கியது. பிறகு வடக்கும் தெற்கும் ஒன்றாக எழுந்து நின்று கைதட்டின. டாக்டர் ஸ்டம்போவுக்குக் கண் கலங்கியது, குனிந்து துடைக்க முடியவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த மாதத்தின் அன்புள்ள மாணவி ஜூனி ராட்லிஃப் என்று தலைவி அப்போதே அறிவித்து, ஒரு இதய வடிவ வில்லையை அவள் சட்டையில் குத்திவிட்டார்.

கோச் டப்பாவை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நன்றாக உள்வாங்கியிருந்தது.

"நசுங்கிடுச்சு" என்றார். "இனி நேரா பறக்காது. இது ஆயுதக் கணக்குலருந்து போயிடும்."

"அப்புறம் என்ன ஆகும்?" என்று ஜூனி கேட்டாள்.

"ஆயுதம் இல்லன்னா சாப்பாடுதானம்மா. வேணும்னா எடுத்துக்கோ."

வண்டி நிறுத்துமிடத்தில் பனி தூறிக்கொண்டிருந்தது. லைல் தன் பிக்கப்பின் பின்கதவைத் தாழ்த்தி உட்கார்ந்தான். மூக்கில் துணியைத் திணித்திருந்தான். ஜூனி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வளையத்தை இழுத்தாள். நசுங்கியிருந்ததால் வரவில்லை. அவன் பேனாக்கத்தியால் நெம்பிக் கொடுத்தான்.

அவள் ஒரு துண்டை விரலால் எடுத்து அவன் வாயில் வைத்தாள். அவனால் மெல்ல முடியவில்லை. பாகை மட்டும் விழுங்கினான்.

"வலிக்குதாப்பா?"

"கணக்குல சேர்ற அளவுக்கு."

அவள் ஒரு துண்டு தின்றாள். மிச்சத்தை ப்ரேலினுக்கு என்று முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டாள். அவன் சட்டைப்பையில் கெல்சியின் போன் அடித்தது. எடுத்தான். வணக்கம் கெல்சி, உங்கள் மகள் இன்று நம் குடும்பத்தைப் பெருமைப்படுத்தினாள் என்றது குரல். லைல் முழுவதும் கேட்டான்.

"அப்பா."

"ம்."

"ப்ரேலினுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். அவனுக்கு பீச் ஆகாது. சோளம்தான் தின்பான்."

லைல் கூட்டம் நடந்த பள்ளியின் கதவைப் பார்த்தான். உள்ளே இன்னும் விளக்கு எரிந்தது. கோச் இன்னும் நசுங்காத டப்பாக்களை வாளியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த கூட்டம் எப்பன்னு கேக்கறேன்" என்றான்.

மஞ்சள் ஹெல்மெட்டை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.